புதுப்பிப்பு: அத்தை தானே பட்டனை அழுத்தினார்

பார்வையில்லாத என் அத்தை ஓட்டுப்போட யாராவது கூடப் போய்த்தான் ஆகணுமா என்று தேர்தலுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. துணை கட்டாயமில்லை.

சாவடியில் பிரெயில் வேட்பாளர் பட்டியலைக் கேட்டோம். தலைமை அலுவலர் கொஞ்சம் தேடித்தான் எடுத்துக் கொடுத்தார். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், கேளுங்கள். அத்தை அதை விரலால் தடவிப் படித்து, வரிசை எண்ணை மனதில் வைத்துக்கொண்டார். இயந்திரத்தில் ஒவ்வொரு நீலப் பட்டன் பக்கத்திலும் பிரெயில் எண் இருக்கிறது. தடவிப் பார்த்து அழுத்தினார். பீப் சத்தம் எங்களுக்கும் கேட்டது. இதுவரை மாமாதான் அழுத்துவார்.

ஆனால் விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிவதோடு சரி. பார்வையில்லாதவர் தன் ஓட்டைத் தானே சரிபார்க்க வழியில்லை. ஹெட்போனில் குரலாகவும் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கையை விடாமல் வைத்துக்கொண்டே இருக்கணும்.

துணை வேண்டுமென்றால், துணைக்கு வருபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 2024 மக்களவைத் தேர்தலில் இருந்ததுபோல வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்கு விண்ணப்பிக்கும் 12டி படிவத்தை, தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.