கிராம சபைத் தீர்மானம் வேலையாக மாறாமல் எங்கே நிற்கிறது? – அனுபவப் பகிர்வு

வரப்போரம்:
"ஆகஸ்ட் 15 கூட்டத்தில் ரோடு கேட்டுத் தீர்மானம் போட்டோம், மறு வருஷம் வரை ஒரு லோடு ஜல்லிகூட இறங்கவில்லை." இந்தக் குறை பல ஊர்களில் கேட்பதுதான். முதலில் பார்க்க வேண்டியது, ஊராட்சி வருஷாவருஷம் போடும் வேலைப் பட்டியலான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை ஏறியதா என்பது. 2018-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியதிலிருந்து, அடுத்த நிதியாண்டுக்கான திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித்தான் உருவாகிறது. 2020 ஏப்ரலில் ஊராட்சித் திட்டத்தையும் கணக்கையும் ஏற்றும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம் வந்தபின், ஒன்றிய நிதிக்குழு பரிந்துரையில் வரும் மானியத்தில் செய்யும் வேலை அந்தத் தளத்தில் ஏற்றிய திட்டத்தில் இருந்தால்தான் பில் நகரும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். திட்டத்துக்கு உயிரான கூட்டம் அக்டோபர் 2. அதற்கு ஒரு மாதம் முன்பே தெருவாரியாகத் தேவையை எழுதி, வார்டு உறுப்பினரிடம் ஒன்று, ஊராட்சி செயலரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள். கூட்டத்தன்று எழுந்து நின்று கேட்பது மட்டும் போதாது.

கணக்குப்பிள்ளை:
தேதி சரியாக இருந்தும் வேலை தள்ளிப்போவதற்கு இன்னொரு காரணம், பணத்தை 'இந்தச் செலவுக்குத்தான்' என்று மேலிருந்தே கட்டி அனுப்புவது. உள்ளாட்சியில் இந்தப் பத்து வருஷத்தில் வந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் 'டைடு' (குறித்த செலவுக்கு மட்டும்), 40 சதவீதம் 'அன்டைடு' (ஊரே முடிவு செய்யலாம்) என்று பிரித்தார்கள். டைடில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு; பாதி துப்புரவு, கழிப்பறை போன்ற சுகாதார வேலைக்கு. ஓர் ஊராட்சிக்கு வருஷம் 10 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் தண்ணீருக்கு, 3 லட்சம் சுகாதாரத்துக்குப் போய்விடும். பேவர் பிளாக் ரோடு, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் மிச்சமுள்ள 4 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். அதில் சம்பளமும் அலுவலக நிர்வாகச் செலவும் போட முடியாது.

இது தெரியாமல் கூட்டத்தில் பத்து ரோடு கேட்டால் ஒன்பது தள்ளுபடியாகிவிடும். தெரிந்து கேட்டால் கதை வேறு. மேல்நிலைத் தொட்டி பழுது, பைப்லைன் நீட்டிப்பு, கழிவுநீர் உறிஞ்சுகுழி இவற்றை டைடில் தள்ளிவிட்டு, அன்டைடு முழுவதையும் ரோட்டுக்கும் விளக்குக்கும் மிச்சம் பிடிக்கலாம். தண்ணீர்த் தேவை முழுக்கத் தீர்ந்த ஊராக இருந்தால், அந்தப் பங்கைச் சுகாதாரத்துக்குத் திருப்பவும் வழி உண்டு. அதற்குக் கிராம சபை சான்று தர வேண்டும், மேலதிகாரி உறுதி செய்ய வேண்டும். இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் ஊர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்.

ஏரிக்கரை:
கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதோடு, தீர்மானத்தின் வாசகத்தையும் கவனிக்கச் சொல்வேன். "தெருவிளக்குகளைப் பராமரிக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் ஓவர்சியர் எதை வைத்து எஸ்டிமேட் போடுவார்? "3ஆவது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு, கிழக்கு முனையிலிருந்து 8 மின்கம்பங்கள், ஒவ்வொன்றிலும் 20 வாட் எல்இடி" என்று இருக்க வேண்டும். இடம், அளவு, எண்ணிக்கை, எந்த நிதி. இந்த நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் வேலை இடம் மாறிவிடும்.

இப்போது வறுமையற்ற ஊராட்சி, நீர்வளம், பெண்களுக்கு உகந்தது என்று 9 கருப்பொருள்களில் திட்டத்தை அடுக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பல இடங்களில் கருப்பொருளின் பெயர் மட்டும் தீர்மானத்தில் இருக்கும், அதன் கீழ் ஒரு வேலைகூட இருக்காது. "பெண்களுக்கு உகந்த ஊராட்சி" என்றால், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊர் வரைக்கும் இருட்டாகக் கிடக்கும் பாதைக்கு எத்தனை விளக்கு என்று அதே பக்கத்தில் எழுத வையுங்கள்.

அடுத்து தீர்மானப் புத்தகம். வரும்போதே வாசலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். வம்பு தொடங்குவது அங்கேதான். கூட்டம் கலையும் முன் ஒவ்வொரு தீர்மானத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு விழுந்தபின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறைவெண்ணும், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதும், முக்கியம்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் போட்ட தீர்மானத்தைப் பிற்பாடு யாரும் கேள்வி கேட்கலாம்.

நகர்ப்புறத்தான்:
பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் கிராம சபை போலவே பகுதி சபை நடக்கிறது. அங்கே மனு வாங்குவதோடு முடிந்துவிடும் ஆபத்து அதிகம். வார்டு கமிட்டிக்கு எது போகிறது என்று அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரப்போரம்:
ஒன்று சேர்க்கிறேன். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இல்லாமல் போகாது. ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "தீர்மானங்கள் அனைத்தும்" என்று கேட்காதீர்கள். கூட்டத் தேதியும் தீர்மான எண்ணும் போட்டு, அதற்கான எஸ்டிமேட் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.