சிக்னலில் நின்றால் மட்டும் கடகட: உங்கள் சைலன்சர் அனுபவம் என்ன?

ஈசூன்வாசி
சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும், காலக்கெடு உள்ள உரிமம்) நீட்டித்து ஓட்டும் பழைய கொரோலா. சத்தம் தலைப்பில் இருக்கும் அதே சத்தம்தான். சிவப்பு விளக்கில் டி-யில் (டிரைவ் கியரில்) நின்றால் அடியில் கிர்ர்ர், லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மாயம். முதலில் போன வொர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்க சைலன்சரையே மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிவிட்டார்கள். சரி, இன்னொரு இடம் பார்ப்போம் என்று சின் மிங் பக்கம் போனேன். அங்கே ஒரு வயதான சீன அங்கிள். நியூட்ரலில் எவ்வளவு முறுக்கியும் சத்தம் வரவில்லை. அவர் என்னையே உள்ளே உட்காரச் சொன்னார். பிரேக்கை அழுத்தி மிதி, டி-யில் போடு, ஏசியை முழுசாக வை. உடனே வந்துவிட்டது. அடியில் ஒரு நீளக் கட்டையை விட்டு ஹீட் ஷீல்டை (புகைக்குழாயின் சூட்டைத் தடுக்கும் மெல்லிய தகடு) அழுத்தினார், சத்தம் நின்றது. எடுத்தார், கிர்ர்ர். அழுத்தினார், நின்றது. என்னைப் பார்த்து, "நோ நீட் சேஞ்ச் லா" என்று ஒரு சிரிப்பு. போல்ட் ஓட்டை துருப்பிடித்து அகன்று, போல்ட் தலையே உள்ளே நழுவியிருந்தது. குழாயையும் ஷீல்டையும் சேர்த்து ஒரு பெரிய ஸ்டீல் கிளாம்ப் போட்டு முறுக்கினார். மதியச் சாப்பாட்டுக் காசுதான் வாங்கினார். அந்த முதல் கடையை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

ராத்திரிஓட்டி
பிரைவேட் ஹையர், அதாவது ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எனக்கு ரப்பர். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று கிழிந்துவிட்டது. பிடோக்கில் ஓர் அடுக்குமாடி கார்நிறுத்தத்தில் கீழே இறங்கும்போது, ஒவ்வொரு மேட்டிலும் டொக்கு, டொக்கு. பின்சீட்டில் ஒரு பாட்டியும் பேத்தியும். பேத்தி போனிலிருந்து தலையே தூக்கவில்லை. பாட்டி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மெதுவாக சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் பார்த்த எனக்குத்தான் வேர்த்துவிட்டது. இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால், குழாய் தாழ்ந்துபோய் பின் ஆக்ஸிலில் இடித்துக்கொண்டிருக்கிறது. காக்கி புக்கிட்டில் ரப்பர் மாற்றினேன், பத்து நிமிட வேலை. அந்தப் பாட்டி எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார், அதை என்ன சொல்ல!

பழையசாவி
ஈசூன்வாசி அண்ணே, கோவிக்காதீங்க, கிளாம்ப் எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. ஷீல்டு இன்னொரு முனையில் துருப்பிடித்தால் மறுபடி அதே கிர்ர்ர்தான். எனக்கும் அப்படித்தான் ஆனது, ஷீல்டையே மாற்றினேன், தீர்ந்தது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வண்டி முழுக்க ஆறிய பிறகு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வோர் இடமாகக் கையுறை போட்ட முஷ்டியால் தட்டிப் பாருங்கள். மெல்லிய தகடு சலசலத்தால் ஷீல்டு. குழாயைப் பிடித்து ஆட்டினால் மொத்தமும் ஊசலாடினால் ரப்பர். பின்னால் இருக்கும் பெரிய டப்பா, அதாவது சைலன்சர், உள்ளே கலகலத்தால், அதற்குள் இருக்கும் தடுப்புத் தகடு விட்டுப்போயிருக்கிறது. அதை வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் தகர டின்னுக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டியது மாதிரி கேட்டால், உள்ளே பீங்கான் உடைந்துவிட்டது. சத்தத்தோடு புஸ் புஸ் என்று காற்றும் வந்தால் எங்கோ ஓட்டை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் இங்கே அபராதமும் உண்டு. அப்புறம், தினமும் வீட்டிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் மட்டும் ஓட்டினால், சைலன்சருக்குள் தங்கும் தண்ணீர் காயாமல் உள்ளிருந்தே அரிக்கும். வாரம் ஒருமுறை இசிபி விரைவுச்சாலையில் சாங்கி வரை போய் வாருங்கள்.

உட்லண்ட்ஸ்அக்கா
தம்பி, யாரும் டியூஷன் கேட்கலையே! ஆனால் கூழாங்கல் சொன்னீர்கள் பாருங்கள், அது என் கதை. செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார், முந்தைய ஆள் மிஸ்ஃபயரோடேயே (எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமலேயே) ஓட்டியிருக்கிறார். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே எல்லாம் பொடி. மேட்டில் வண்டி இழுக்கவே இல்லை. மலிவாக முடியும் என்று என் வீட்டுக்காரர் மலேசியாவில் ஜோகூர் பாரு பக்கம் கொண்டுபோகலாம் என்றார் (எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டுமே, அதற்கே நிரப்ப வேண்டியிருந்தது, போங்கள்). அங்கே கழற்றி, செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தார்கள். தேனடை மாதிரி முழுசாக இருக்க வேண்டியது துண்டு துண்டாக, சாம்பல் நிறத்தில் கொட்டியது. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் கணவரிடம், "உள்ளே காலி பண்ணிட்டு அப்படியே வெல்ட் வெச்சிடலாம், சத்தம் போயிடும்" என்கிறார். இவரும் தலையாட்டுகிறார்! வேண்டாம் என்றேன். நம் ஊரில் கன்வர்ட்டர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி தப்பு, இன்ஸ்பெக்‌ஷனில் புகையும் தேறாது. புதிதுதான் போட்டோம். பழையதைத் திருப்பிக் கேட்டதும் கடைக்காரர் முகம் சுருங்கியது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிற சாமான், சும்மா விட்டுட்டு வர முடியுமா? பொடியையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.

ஈசூன்வாசி
பழையசாவி, பத்து வயது தாண்டிய வண்டி, வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் போகிறது. கிளாம்ப்போடேயே பாஸ். சிஓஇ முடியப்போகிற காருக்குப் புது ஷீல்டு எதற்கு?

பழையசாவி
உங்க வண்டி, உங்க காசு அண்ணே.

தேக்காதம்பி
தெங்கா பக்கம் கட்டுமான வேலை நடக்கும் ரோட்டில் போய்வந்த பிறகு எனக்கும் அதே கடகட. மெக்கானிக் ஷீல்டை ஒரு தட்டு தட்டினார், நடுவில் சிக்கியிருந்த ஜல்லி ஒன்று விழுந்தது. அக்கா, அந்தப் பழைய கன்வர்ட்டரை இங்கே யார் வாங்கினார்கள்? என்ன விலை போனது?