ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போவுக்கு எந்த கிளட்ச்? ஃப்ளைவீல் டூயல் மாஸா, சிங்கிள் மாஸா?

அவிநாசி_ஆர்எஸ்:
வணக்கங்க. என் வண்டி 2005 மாடல் ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 டர்போ பெட்ரோல், 02ஜே கியர்பாக்ஸ், அஞ்சு கியர் மேனுவல். ஷோரூம்ல இருந்து வந்தப்ப 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). போன வருசம் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தறது) பண்ணினேன், டர்போ கம்பெனியில வந்த அதே கே03 தான். டைனோ (பவர் அளக்கற மெஷின்) ஷீட்ல 290 நியூட்டன் மீட்டர் காட்டுது. அதுவும் 2500 ஆர்பிஎம்லயே வந்துருது.

இப்ப நாலாவது கியர்ல 2500ல இருந்து முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் எகிறுதுங்க, ஸ்பீடு ஏற மாட்டேங்குது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டாத்தான் பிடிக்குது. நிதானமா ஓட்டினா ஒண்ணும் தெரியறதில்ல. இன்ஜின் ஆஃப் பண்றப்ப அடியில ‘டக டக’ன்னு ஒரு சத்தம், அது கொஞ்ச நாளாவே இருக்கு.

ரெண்டு கடையில கேட்டேன். ஒருத்தர் கம்பெனி கிளட்ச் செட்டும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் (கிளட்ச் உக்கார்ற கனமான சக்கரம், ரெண்டு தட்டா வர்றது) புதுசா போடச் சொல்றார். இன்னொருத்தர் ஒரே கட்டியா வர்ற சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலோட ஆறு பட்டன் செராமிக் பிளேட் (ஆறு செராமிக் துண்டு வச்ச கிளட்ச் தட்டு) போடுங்கன்றார். தினமும் அவிநாசி ரோட்டுல ஆபீஸ் போறேன். அப்பப்ப செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கும் போவேன். எதுங்க சரி?

கல்லாறு_வளைவு:
சிங்கிள் மாஸ். இதுல யோசிக்கவே வேண்டாம். ஆனா செராமிக் வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் கொராடோ ஜி60 கார்ல வந்த ஒரே கட்டி ஃப்ளைவீல், அதுக்கு மேல ஃபோக்ஸ்வேகனோட ஆறு சிலிண்டர் விஆர்6 இன்ஜினுக்கு வர்ற கிளட்ச் செட், 228 மில்லிமீட்டர். 1.8 டர்போ ஆளுங்க உலகம் பூரா பல வருசமா இதைத்தான் போட்டுட்டு இருக்காங்க. விஆர்6 2.8 லிட்டர் இன்ஜின் கம்பெனியிலயே 235 நியூட்டன் மீட்டர், உங்க இன்ஜின் 210. ரிசர்வ் எவ்வளவு இருக்கும்னு நீங்களே பாருங்க. டூயல் மாஸ் போனா திரும்ப அதையேதான் வாங்கணும். ஒரே கட்டி இரும்புல ஸ்பிரிங்கும் இல்ல, கிரீஸும் இல்ல, என்ன கெடப் போகுது?

ஓஎம்ஆர்_ஓட்டி:
“உலகம் பூரா” போட்டவங்க எத்தனை பேர் தினமும் மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்கிறாங்க? டூயல் மாஸ்ல ரெண்டு தட்டு, நடுவுல வளைஞ்ச நீள ஸ்பிரிங், கிரீஸ்ல ஊறிட்டு இருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளு கியர்பாக்ஸுக்குப் போகாம நடுவுல வாங்கிக்கிறது அந்த ஸ்பிரிங்தான். அதை எடுத்துட்டா நியூட்ரல்ல நிக்கும்போதே கியர்பாக்ஸ் கடகடன்னு பேசும். நான் ஒரு சிங்கிள் மாஸ் வண்டியில சோழிங்கநல்லூர் வரைக்கும் உக்காந்து போயிருக்கேன். டீசல் ஆட்டோவுல போற மாதிரி இருந்தது.

கிளட்ச், ஃப்ளைவீல் செய்யற லுக் கம்பெனி டூயல் மாஸை 1985லயே தயாரிக்க ஆரம்பிச்சது. அத்தனை கார் கம்பெனியும் விலையும் எடையும் கூடினாலும் பரவாயில்லன்னு சும்மாவா அதுக்கு மாறினாங்க?

கல்லாறு_வளைவு:
சத்தம் வேற, சேதம் வேற ப்ரோ. நியூட்ரல்ல கடகடன்னு கேக்கறது லோடு இல்லாத கியர் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு தட்டறது. கிளட்சை மிதிச்சா நின்னுரும். அதனால பல்லு உடைஞ்ச கதையை நான் கேட்டதில்ல. ஜி60 காலத்துல 02ஏ கியர்பாக்ஸ், அதோட தம்பிதான் 02ஜே. அந்த 02ஏ சிங்கிள் மாஸோடதான் கம்பெனியிலிருந்தே வந்தது.

மேப்_மாரி:
ஜி60ஐ இதோட ஒப்பிடறது சரியில்லை. அது சூப்பர்சார்ஜர் இன்ஜின், 225 நியூட்டன் மீட்டர் 3800ல வரும், மெதுவா ஏறி வரும். இங்கே 290 நியூட்டன் மீட்டர் 2500லயே ஒரேயடியா இறங்குது. கீழ் ஆர்பிஎம்ல ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையில நேரம் அதிகம், அதிர்வும் அங்கேதான் அதிகம். டர்போவோட உச்ச டார்க் அதே இடத்துல வந்து உட்காருது.

சரி, கணக்கைப் பார்ப்போம். கிளட்ச் தாங்குற டார்க் = 2 × உராய்வு எண் × அழுத்த விசை × சராசரி ஆரம். தட்டுக்கு ரெண்டு முகம் இருக்கறதால அந்த 2. உதாரணத்துக்கு பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோட சேத்து அழுத்தறது) 5500 நியூட்டன் அழுத்துது, ஆரம் 95 மில்லிமீட்டர், சாதாரண ஆர்கானிக் லைனிங்குக்கு (தட்டு முகத்துல இருக்கற உராய்வுப் பொருள்) உராய்வு எண் 0.27ன்னு வச்சுக்குவோம். 282 நியூட்டன் மீட்டர் வரும். தட்டு சூடாகி உராய்வு எண் 0.22க்கு இறங்கினா அதே கிளட்ச் 230தான் தாங்கும். அவிநாசி நண்பர் வண்டியில நடக்கறது இதுதான்: நிதானமா போனா ஒண்ணும் இல்ல, டர்போ முழு பூஸ்ட் (காத்தழுத்தம்) கொடுக்கறப்ப மட்டும் வழுக்குது.

இதுல நாம மாத்த முடியறது ரெண்டே ரெண்டு. லைனிங்கை மாத்தி உராய்வு எண்ணைக் கூட்டலாம், இல்ல பிரஷர் பிளேட்டை மாத்தி அழுத்தத்தைக் கூட்டலாம். ஃப்ளைவீல் ஒத்தையா இரட்டையா என்பது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ரெண்டு பேரும் வேற கேள்விக்கு சண்டை போட்டுட்டு இருக்கீங்க.

பிட்லேன்_பாண்டி:
கணக்குப்படியே பாத்தா செராமிக்தானே பதில்? உராய்வு எண் கூட, சூட்டுல பிடியும் விடாது. ட்ராக்குக்குப் போறவனுக்கு ஆர்கானிக் பிளேட் எத்தனை லேப் தாங்கும்? நான் பட்டன் பிளேட்தான் ஓட்டறேன். ஆன், ஆஃப், அவ்வளவுதான். பழகிட்டா ஒண்ணுமில்ல.

அவிநாசி_ஆர்எஸ்:
பாண்டிண்ணா, நீங்க அதை ரோட்டுலயும் ஓட்டறீங்களா?

பிட்லேன்_பாண்டி:
ட்ரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டு போவேன் 🙂

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
தம்பி சொன்ன பதிலிலேயே விஷயம் முடிஞ்சிட்டு. ட்ராக்குல ஸ்டார்ட் ஆகுறப்போ ஒரு தடவை கிளட்ச் விடுவாக. அவிநாசி ரோட்டுல ஒரு மைலுக்கு எத்தனை தடவை விடணும்? பட்டன் பிளேட்டை அரை கிளட்ச்சுல பிடிச்சா வண்டி உதறும், ஃப்ளைவீல் முகத்தை அரிச்சுப்புடும். வால்பாறை ஏறுறப்போ பஸ் முன்னால நின்னா, அந்த மேட்டுல மெதுவா எடுக்கவே முடியாது. ஒண்ணு பாயும், இல்ல ஆஃப் ஆகும்.

அதைவிட முக்கியமானது ஒண்ணு. 02ஜே கியர்பாக்ஸ்ல டிஃபரன்ஷியலோட பெரிய பல்சக்கரத்தை ரிவெட் அடிச்சுத்தான் பிடிச்சிருக்கான், போல்ட் கிடையாது. வழுக்காத கிளட்ச்சைப் போட்டு வீல் சுத்த சுத்த எடுத்தா அந்த ரிவெட் தலை அறுந்து உள்ளே விழும், கியர்பாக்ஸ் கூட்டையே குத்தி ஓட்டை போட்டுரும். கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கிற கிளட்ச் அந்த ரிவெட்டுக்கு ஃபியூஸ் மாதிரி. செராமிக் போடுறவக முதல்ல கியர்பாக்ஸைப் பிரிச்சு ரிவெட்டை எடுத்துட்டு போல்ட் போடட்டும். அந்தச் செலவையும் சேத்து கணக்குப் போடுங்க.

ஓஎம்ஆர்_ஓட்டி:
இதைத்தான் நானும் சொல்றேன். கம்பெனி செட் போட்டுட்டு நிம்மதியா ஓட்டுங்க.

கல்லாறு_வளைவு:
அண்ணாச்சி செராமிக்கைத்தான் வேண்டாம்னார், சிங்கிள் மாஸை இல்ல. உங்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்காதீங்க. கம்பெனி கிளட்ச்தான் இப்பவே வழுக்குது, திரும்ப அதையே போட்டா 290ஐ எப்படித் தாங்கும்?

மேப்_மாரி:
கேள்வி நியாயம்தான். கம்பெனி பிளேட் புதுசா இருக்கும்போது தாங்கும், தேயத் தேய மறுபடி இதே இடத்துக்கு வரும். அதனால நடு வழி: டூயல் மாஸையே வச்சுக்கிட்டு, அழுத்தம் கூடின பிரஷர் பிளேட், ஆர்கானிக் லைனிங். சாக்ஸ் மாதிரி கம்பெனிகள் இந்த வகை செட் விற்கறாங்க. மேலே போட்ட கணக்குல அழுத்தத்தை 20 சதவீதம் கூட்டினா 282 என்பது 338 ஆகும். உதறல் இல்ல. பெடல் கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான்.

காசே செலவழிக்காம இன்னொரு வழியும் இருக்கு. ரீமேப் பண்ணினவர்கிட்ட போய் 2500ல வர்ற டார்க்கைக் கொஞ்சம் கீழே இழுத்து, 3200க்கு மேல முழுசா வர்ற மாதிரி மாத்தச் சொல்லுங்க. 290ஐ 260க்கு இறக்கினாலே கிளட்ச், கியர்பாக்ஸ், கனெக்டிங் ராடு எல்லாத்துக்கும் நிம்மதி. உச்ச குதிரைத்திறன் மேல்ப்பக்கம்தான் வருது, அது குறையாது.

பிட்லேன்_பாண்டி:
டார்க்கைக் குறைக்கறதுக்கா ரீமேப் பண்ணுவாங்க? 😂

அவிநாசி_ஆர்எஸ்:
மாரிண்ணா, அந்த 2500ல வர்ற இழுவைக்காகத்தாங்க ரீமேப்பே பண்ணினேன். சிறுத்தை மாதிரி பாயும். அதைக் குறைக்க மனசு வரலை. பெடல் எவ்வளவு கனமாகும்?

ஓஎம்ஆர்_ஓட்டி:
ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் ஓட்டினா இடது முட்டி சொல்லும். ஹைட்ராலிக் கிளட்ச்தான், இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் சீல் எல்லாம் 2005ஐச் சேர்ந்தது. அழுத்தம் கூடினா முதல்ல கசியறது அதுதான்.

கல்லாறு_வளைவு:
ஸ்லேவ் சிலிண்டர் 02ஜேல வெளியதான் இருக்கு. கியர்பாக்ஸை இறக்காமலே மாத்தலாம். இதைக் காட்டி பயமுறுத்தாதீங்க. நான் இன்னும் சிங்கிள் மாஸ் பக்கம்தான். அடியில ‘டக டக’ன்னு கேக்குதுன்னு அவரே சொல்றார், டூயல் மாஸ் ஸ்பிரிங் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். புது டூயல் மாஸ் விலையில விஆர்6 செட்டும் ஜி60 ஃப்ளைவீலும் வாங்கி, கூலியும் கொடுத்துட்டு மிச்சம் பாக்கலாம். எடை குறைவு, கியர் மாத்தறப்ப ஆர்பிஎம் சட்டுனு இறங்கும். கரியில அந்த வளைவுகளுக்கு நடுவுல மூணுலிருந்து ரெண்டுக்கு இறக்கறப்ப தெரியும் பாருங்க வித்தியாசம்.

ஓஎம்ஆர்_ஓட்டி:
அதே எடை குறைவுதான் மேட்டுல ஸ்டார்ட் பண்றப்ப ஆஃப் ஆக வைக்கும். ஃப்ளைவீல்ல சேமிப்பே இல்லன்னா கிளட்சை விட்டவுடனே இன்ஜின் படுத்துரும். இவர் வருசத்துல எத்தனை நாள் ட்ராக்குல இருப்பார், எத்தனை நாள் ஹோப் காலேஜ் சிக்னல்ல இருப்பார்?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
எந்தப் பக்கம் போனாலும் இதைப் பாருங்க. என் கொட்டகைக்கு இப்படி வந்த வண்டிகள் உண்டு. டூயல் மாஸுக்கு வர்ற கிளட்ச் பிளேட்டுல நடுவுல ஸ்பிரிங் இருக்காது, ஏன்னா அந்த வேலையை ஃப்ளைவீலே பாத்துக்கும். சிங்கிள் மாஸுக்கு நடுவுல ஸ்பிரிங் வச்ச பிளேட்தான் போடணும். சில பேர் சிங்கிள் மாஸை மாட்டிட்டு, மிச்சம் பிடிக்கணும்னு பழைய செட்டுல இருந்த ஸ்பிரிங் இல்லாத பிளேட்டையே திருப்பி மாட்டிருவாக. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இல்லாம போயிரும், அதிர்வு அத்தனையும் நேரா கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குத்தான். கல்லாறு தம்பி சொல்ற சத்தத்தோட மட்டும் அது நிக்காது.

அப்புறம், ‘டக டக’ன்னு கேட்டதும் டூயல் மாஸ் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. கியர்பாக்ஸை இறக்கட்டும். ஃப்ளைவீலோட ஓரத்துல இருக்கிற பல்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திட்டு, கிளட்ச் பக்கத்து வெளித்தட்டை ரெண்டு பக்கமும் கையால திருப்பிப் பாக்கணும். ஸ்பிரிங் எதிர்த்து தள்ளணும், விட்டா திரும்பி வரணும். எவ்வளவு ஆட்டம் வரை சரின்னு ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் லுக் கம்பெனியே அளவு கொடுத்திருக்கான். முகத்துல நீலம் பாய்ஞ்சிருக்கா, ஓரத்துல கிரீஸ் வடிஞ்சிருக்கா பாருங்க. பின்பக்க கிராங்க் சீல்ல எண்ணெய் கசிஞ்சு பிளேட் நனைஞ்சிருந்தா, நீங்க எந்த கிளட்ச் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். அதையும் அப்பவே மாத்திருங்க.

அவிநாசி_ஆர்எஸ்:
அண்ணாச்சி, இறக்கினதும் வேற என்னென்ன மாத்தச் சொல்லணும்?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
ரிலீஸ் பேரிங், அது ஓடுற வழிக்குழாய், ரிலீஸ் ஃபோர்க், அது உக்கார்ற குண்டு. அந்த ஃபோர்க் தகரத்துல அடிச்சது, குண்டு படுற இடம் தேஞ்சு ஓட்டையாயிரும். கனமான பிரஷர் பிளேட் போட்டா இன்னும் சீக்கிரம். ஃப்ளைவீல் போல்ட் புதுசு, 60 நியூட்டன் மீட்டர் வச்சு அப்புறம் கால் சுத்து. ஒரு தடவை இழுபட்ட போல்ட்டைத் திருப்பிப் போடக்கூடாது. கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 இருக்கான்னு டப்பாவைத் திருப்பிப் பாத்து ஊத்தச் சொல்லுங்க. கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா எண்ணெய்தான், டாட் 4, அதையும் மாத்திருங்க.

கல்லாறு_வளைவு:
சிங்கிள் மாஸ் போட்டா போல்ட் நீளம் வேற. டூயல் மாஸ் போல்ட்டை எடுத்து மாட்டிரப் போறாங்க, கவனம்.

அவிநாசி_ஆர்எஸ்:
எல்லாருக்கும் நன்றிங்க. இப்போதைக்கு முடிவு இதுதான்: செராமிக் கிடையாது. இறக்கினப்புறம் டூயல் மாஸ் அளவுக்குள்ள இருந்தா அதையே வச்சுக்கிட்டு அழுத்தம் கூடின பிளேட்டும் ஆர்கானிக்கும். அளவு தாண்டிருந்தா… அப்ப வந்து மறுபடி கேக்கறேன்.

கல்லாறு_வளைவு:
தாண்டித்தான் இருக்கும். ஜி60 ஃப்ளைவீல் யார்கிட்ட இருக்குன்னு இப்பவே விசாரிச்சு வைக்கறேன்.

ஓஎம்ஆர்_ஓட்டி:
விசாரிங்க. அப்படியே அவருக்கு ஒரு நல்ல மியூசிக் சிஸ்டமும் பாத்து வைங்க, கடகட சத்தம் கேக்காம இருக்க.

மேப்_மாரி:
அவிநாசி, எந்த செட் போட்டாலும் முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளயே ஓட்டுங்க. நின்னு நின்னு போற ஓட்டம்தான் லைனிங்கைப் படிய வைக்கும். ஹைவேல அஞ்சாவது கியர்ல போனா கிலோமீட்டர் ஏறும், பிளேட் படியாது. அதுவரைக்கும் முழு பூஸ்ட் வேண்டாம். அத்தனை நாளைக்கு மட்டுமாவது பழைய கம்பெனி மேப்பை ஏத்திக் கொடுக்கச் சொல்லுங்க, கால் தவறி மிதிச்சாலும் 210தான் வரும்.

அவிநாசி_ஆர்எஸ்:
சரிங்ண்ணா, அது செய்யறேன். வர்ற சனிக்கிழமை வண்டியை விடறேன். பழைய பிளேட், ஃப்ளைவீல் ரெண்டையும் படம் எடுத்து இங்கயே போடறேன்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
படம் எடுக்கிறப்போ பிளேட்டோட ரெண்டு பக்கமும் எடுங்க. ஃப்ளைவீல் பக்கம் மட்டும் கருகியிருக்கா, ரெண்டும் சமமா தேஞ்சிருக்கான்னு பாக்கணும். கடைக்காரர் பழைய சாமானைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னால வாங்கி டிக்கியில வச்சிருங்க.