பெலிக்கனில் ஹெச்டிஎம்எல் பதிவுக்குத் தேதி கொடுப்பது எப்படி?

கேள்வி: பத்தமடைப் பாய் பற்றி அத்தை சொல்லச் சொல்ல எழுதியவை, 40 ஹெச்டிஎம்எல் கோப்புகள். கோப்புகளை வலைத்தளமாக்கும் பெலிக்கன் மென்பொருளில் போடுகிறேன். மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்பில் போலவே உச்சியில் தேதி எழுதினேன். ‘தேதி இல்லை’ என்று பெலிக்கன் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறது.

பதில் 1: அண்ணாச்சி, அந்த வழி இதில் எடுபடாது. கோப்பின் ஹெட் பகுதிக்குள் மெட்டா டேக் (கோப்பைப் பற்றிய விவரம் சொல்லும் வரி) போடுங்கள்: நேமில் ‘டேட்’, கன்டென்ட்டில் 2019-07-14 09:30. பதிவின் குறிச்சொற்களுக்கும் இதே முறைதான். தலைப்பை டைட்டில் டேகிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாடிக்குள் இருப்பது மட்டுமே பதிவாகும்.

பதில் 2: கோப்பு மாறிய நேரத்தையே தேதியாக்கும் அமைப்பும் உண்டு. வேண்டாம், ஒருமுறை திருத்திச் சேமித்தால் தேதி மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்: சரி, வந்துவிட்டது! கோரையைத் தாமிரபரணியில் ஊறப்போடும் பதிவுதான் முதலில் ஏறியது. அத்தையிடம் காட்டப் போகிறேன்.