99 கிலோ வண்டியும் எங்கள் வீட்டு வாசற்படியும்

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டும். வெளியே பைக் நிறுத்த இடமில்லை. இரவானால் இரண்டு படிகளின் மேல் பலகையைச் சாய்த்து, வண்டியைத் தள்ளி நடைக்குள் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். பழைய வண்டி ஓய்ந்துபோய்ப் புதியது பார்க்கப் போனபோது நான் முதலில் கேட்டது எடையைத்தான். மைலேஜ் பிறகு.

ஹோண்டா ஷைன் 100 வண்டி 99 கிலோ. எங்கள் தெருவில் பாதிப் பேர் வைத்திருக்கும் ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. 13 கிலோதானே என்று தோன்றும். பலகையின் நடுவில் வண்டி நின்றுபோய்ப் பின்னோக்கி இழுக்கும்போது அந்த 13 கிலோ அரைச் சிப்பம் அரிசியாகக் கையில் தொங்கும். முதுகுக்குத் தெரியும் அந்த வித்தியாசம்.

கடையில் இருந்த தம்பி நிறங்களில் ஆரம்பித்தார். கறுப்பு உடம்பில் சிவப்பு, நீலம், பச்சை, பொன்னிறம், சாம்பல் என்று ஐந்து வகைக் கோடுகள். அழகாகத்தான் இருந்தன. "தம்பி, எஞ்சினைப் போடாமல் இதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும், சற்றுத் தயங்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கடை வாசலில் இருந்த சாய்தளத்தில் மூன்று முறை ஏற்றி இறக்கினேன். மூன்றாவது முறை ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து ஏற்றினேன். மனதுக்குள் வண்டி அப்போதே வாங்கியாகிவிட்டது.

சீட் உயரம் 786 மில்லிமீட்டர். ஐந்தடி மூன்றங்குலம் உள்ள எனக்கு இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றன. நான் கொலுசு வேலை செய்பவன். பள்ளப்பட்டிக்கும் சிவதாபுரத்துக்கும் பட்டறை பட்டறையாகச் சரக்கு மாற்றுகிறேன். வெள்ளி மடியில் இருக்கும்போது லீ பஜார் நெரிசலில் கால் நுனியில் தடுமாற முடியாது. சீட்டும் நீளமாக, தட்டையாக இருக்கிறது, 677 மில்லிமீட்டர். சரக்குப் பைக்கு இடம் விட்டு நான் உட்கார்ந்த பிறகும் பின்னால் ஒருவர் தாராளமாக உட்காரலாம்.

பின்னால் உட்காரப் போகிறவர் என் மனைவி. அவர் பார்த்தது வேறு. குனிந்து பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த சேலைக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் அவருடைய சித்தியின் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தச் சேலையை வெட்டித்தான் எடுத்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123 இதைத் தெளிவாகவே சொல்கிறது: பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று இளைஞர்கள் அந்தக் கம்பியைக் கழற்றிப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

மறுநாள் காலையில் அப்பா பதறிக்கொண்டு வந்தார். "பகலில் விளக்கு எரிகிறது, பேட்டரி போய்விடும், அணைத்துவிடு." அணைக்க சுவிட்சே இல்லை. 2017 ஏப்ரல் முதல் வரும் எல்லா இருசக்கர வாகனங்களிலும் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஐந்து ரோடு வரை போய்த் திரும்புவதற்குள் எதிரே வந்த மூன்று பேர் விரலை விரித்து மூடிக் காட்டிவிட்டார்கள். சைடு ஸ்டாண்டை எடுக்காவிட்டால் எஞ்சின் கிளம்பாது என்பதுதான் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. மறதிக்காரர்கள் நிறைந்த வீடு எங்களுடையது.

ஒரு வருத்தம் உண்டு. அது வண்டியைப் பற்றியதல்ல, பில்லைப் பற்றியது. சீட் கவர், லெக் கார்டு, தரைவிரிப்பு மாதிரி ஏதோ ஒரு ரப்பர் என்று நான் கேட்காதவற்றைச் சேர்த்திருந்தார்கள். காப்பீடும் சாலை வரியும் பதிவும் கட்டாயம். புது வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 முதலே உண்டு, அதில் பேச்சில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன்னால் பில்லை வரி வரியாகப் படியுங்கள்.

ஏற்காடு மலையில் உள்ள நாகலூரிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணா, என் தம்பியிடமும் இதே வண்டிதான். நான் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன், வாரம் இருமுறை சேலம் வந்து போகிறேன். மலையைப் பற்றி நீங்கள் எழுதாததால் நான் சொல்கிறேன். தனியாக ஏறினால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் சிரமமில்லை. இருவராக ஏறினால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர்தான். 7.38 குதிரைத்திறனில் அவ்வளவுதான் கிடைக்கும். எந்த நிறுவனத்தின் 100 சிசி வண்டியும் மலையில் அவசரப்படுத்தினால் கேட்காது. தினமும் இருவராக ஏறுபவர்கள் 125 சிசி பார்ப்பது நல்லது.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும் அமைப்பு இதில் இருக்கிறது. போன மாதம் ஈரமான சில்வர் ஓக் இலைகளின் மேல் வந்துகொண்டிருந்தேன், வளைவில் காட்டெருமை நின்றது. வண்டி கோணாமல் நின்றது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே எனக்கு இந்த வண்டி பிடிக்கும். பனிமூட்டத்தில் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும்.

அம்மாபேட்டையிலிருந்து இன்னொரு வாசகர்:

எங்கள் வீட்டிலும் நடையில்தான் நிறுத்த வேண்டும். தறிக்கூடத்தைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். கதவில் ஹேண்டில் இடிக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து என் பதில்:

வண்டியின் அகலம் 754 மில்லிமீட்டர். எங்கள் கதவு இரண்டே முக்கால் அடி. நேராகப் போனால் இருபுறமும் இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும். கொஞ்சம் சாய்ந்தால் விரல் முட்டி கதவு நிலையில் உரசும், எனக்கு இரண்டு நாள் உரசியது. வாங்கும் முன் டேப் வைத்துக் கதவை அளந்துவிடுங்கள், கதவின் தாழ்ப்பாள் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தையும் சேர்த்து. நேற்று இரவு எனக்குப் பட்டறையில் நேரமாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தனியாகவே பலகையைப் போட்டு வண்டியை ஏற்றி உள்ளே நிறுத்தியிருந்தாள்.