ஸ்ட்ரெஸ் ஸ்கேலில் ஆல்ஃபா 0.41 வருகிறது – எங்கே தப்பு?

மாறிலி_அல்ல:
எம்.எஸ்சி. உளவியல் ப்ராஜெக்ட். 120 கல்லூரி மாணவர்களிடம் தூக்கமும் மன அழுத்தமும். அழுத்தத்துக்கு கோஹனின் பி.எஸ்.எஸ்-10 (பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்). தூக்கத்துக்கு ஒரே கேள்வி: "நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" க்ரோன்பாக் ஆல்ஃபா (பத்துக் கேள்விகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.41தான் வருகிறது. தூக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒட்டுறவு -0.19, பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ ஒட்டுறவு வருவதற்கான வாய்ப்பு) 0.04. தூக்கத்தைச் சாரா மாறி என்று எழுதியதைக் கைடு அடித்துவிட்டார். லைக்கர்ட் (படிப்படியாகப் பதில் தேர்ந்தெடுக்கும் கேள்வி) மதிப்பெண்ணுக்குச் சராசரி எடுக்கலாமா என்பதிலும் குழப்பம்.

புள்ளிக்கோலம்:
முதலில் ஆல்ஃபா. பி.எஸ்.எஸ்-10-இல் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நேர்மறைக் கேள்விகள் ("சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா" மாதிரி). அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா (0-ஐ 4 ஆக, 1-ஐ 3 ஆக)? ரிலையபிலிட்டி அவுட்புட்டில், ஒவ்வொரு கேள்வியும் மற்றவற்றின் மொத்தத்தோடு எப்படி ஒட்டுகிறது என்ற பத்தியைப் பாருங்கள். சரியாக அந்த நான்கு மட்டும் மைனஸிலோ பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலோ நின்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

திருப்பாமல் கூட்டினால் என்ன ஆகும்? உச்ச அழுத்தத்தில் இருப்பவர் ஆறு கேள்விக்கு 4, நான்குக்கு 0 போடுவார். 40 வர வேண்டியவருக்கு 24 வரும். அழுத்தமே இல்லாதவருக்கு 0-க்குப் பதில் 16. எல்லோரும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், ஒட்டுறவும் சுருங்கிவிடும். அதனால் உங்கள் -0.19-ஐ இப்போதைக்கு நம்பாதீர்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளில் 'கம்ப்யூட் வேரியபிள்' போய், 4-இலிருந்து அந்த மதிப்பெண்ணைக் கழித்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். பழைய பத்தியின் மேலேயே எழுதினால், மறந்துபோய் இரண்டாம் முறை ஓட்டும்போது மறுபடி பழையபடி திரும்பிவிடும். விடுபட்ட பதிலுக்கு 99 போட்டிருந்தால், அதை 'மிஸ்ஸிங்' என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 4-இலிருந்து 99 போய் -95 என்று உட்கார்ந்திருக்கும்.

அளவுகோல்:
கைடு சொல்வது சரி. சாரா மாறி என்றால் ஆய்வாளர் தன் கையால் மாற்றுவது: ஒரு குழுவை 5 மணி நேரமும் இன்னொன்றை 8 மணி நேரமும் தூங்கவைத்து, யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்வது. நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டது மட்டும்தான். தூக்கம் கெட்டு அழுத்தம் வந்ததா, அழுத்தத்தால் தூக்கம் போனதா என்று இந்தத் தரவு சொல்லாது. பரீட்சை நெருங்கினால் இரண்டுமே கெடும். "முன்கணிப்பு மாறி", "விளைவு மாறி" என்று எழுதுங்கள். "தாக்கம்" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சராசரி விஷயம்: 1946-இல் ஸ்டீவன்ஸ் பிரித்த நான்கு அளவைகளில், தனி லைக்கர்ட் கேள்வி ஒன்று வரிசை அளவை (எது கூட, எது குறைவு என்று தெரியும், இடைவெளிகள் சமமா என்று தெரியாது). அதற்கு இடைநிலை போதும். பத்தையும் கூட்டிய 0–40 மொத்தத்தை இடைவெளி அளவையாக வைத்துச் சராசரி, திட்ட விலக்கம் கொடுப்பதுதான் வழக்கம். கறாரானவர்கள் முணுமுணுப்பார்கள், பரவல் ரொம்பச் சாய்ந்திருந்தால் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். விடுதி/வீடு என்ற பெயரளவை மாறி இருந்தால் 1, 2 வேண்டாம், 0, 1 போடுங்கள். அப்போது சராசரியே 1 என்று குறித்தவர்களின் விகிதம்.

புள்ளிக்கோலம்:
ஒன்று விட்டுப்போச்சு. பி.எஸ்.எஸ் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. நீங்கள் தூக்கத்தைக் கேட்டது நேற்றிரவு மட்டும். ஞாயிறு இரவைப் பற்றிக் கேட்டவருக்கும் புதன் இரவைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒரே எடை கொடுக்க முடியுமா? அதே ஆட்களை மறுபடி பிடிக்க முடிந்தால், கடந்த மாதத்தில் வழக்கமாகப் படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். "4–6, 6–8" என்று கட்டம் கட்டாதீர்கள்: 6 மணி நேரக்காரர் எங்கே டிக் அடிப்பார்?

பி மதிப்பு 0.04 என்பதில் ரொம்ப மகிழவும் வேண்டாம். -0.19-ஐ வர்க்கப்படுத்தினால் 0.036, அழுத்த வேறுபாட்டில் நாலு சதவீதம்கூடத் தூக்கத்தோடு பகிரப்படவில்லை. திருப்பிப் போட்டபின் வரும் எண்ணை நம்பக இடைவெளியோடு (உண்மையான ஒட்டுறவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எழுதுங்கள். 120 பேர் போதுமா என்று வைவாவில் கேட்டால்: 0.3 அளவு ஒட்டுறவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஏறத்தாழ 85 பேர் போதும், 0.2 என்றால் 190-ஐத் தாண்டிவிடும்.