போட்டிக்கு நடுவராக வரும் பியானோ ஆசிரியர்கள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை அம்மா

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பியானோ கிரேடு பரீட்சையில், எட்டில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறாள். போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் பியானோவையே தொழிலா எடுத்துக்கப் போறேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள். அவள் அப்பா வாயைத் திறக்கவில்லை. மாமியார்தான் கேட்டார்கள்: "அதை வச்சு எங்க போய் வாசிப்பா? கல்யாண வீட்டுலயா?"

எனக்கும் பதில் தெரியவில்லை. பியானோவை வைத்தே பிழைக்கிறவர்கள் என்று நான் நேரில் பார்த்தது, பிள்ளைகளின் போட்டிக்கு நடுவராக வருகிறவர்களை மட்டும்தான். காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார்கள், நாள் முழுக்க அதே நாலைந்து உருப்படிகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், இரவு வண்டிக்கே கிளம்பிவிடுவார்கள்.

இந்த முறை வந்தவர் ஓர் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் வாசித்தது பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்'. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அதன் முதல் பக்கத்தோடு எழுந்து வணக்கம் சொல்லிவிடுவார்கள். இவள் முழுதாக வாசித்தாள். பரிசு இல்லை. மதிப்பெண் தாளில், "இடது கையிலிருந்து வலது கைக்கு மாறும் இடத்தில் தையல் தெரிகிறது" என்று மட்டும் எழுதியிருந்தது.

பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தாளை நீட்டினேன். அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மகளைத் திரும்ப உட்காரச் சொன்னார். இடது கை மூன்று சுரம், அதைத் தொடர்ந்து வலது கை மூன்று சுரம், அவ்வளவுதான். மெதுவாக வாசிக்கச் சொன்னார். பிறகு பெடல் இல்லாமல், அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு. "எந்தக் கை வாசிக்குதுன்னு எனக்குத் தெரியக்கூடாது பாப்பா" என்றார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு எனக்கே வித்தியாசம் கேட்டது. வாட்ச்மேன் விளக்கை அணைக்க வந்து, அவரும் நின்றுவிட்டார்.

மகள் தீர்மானம் எடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இவர்களோடு பழகியவர்கள், இவர்களிடம் படித்தவர்கள், இவர்களாகவே இருக்கிறவர்கள் எழுதுங்கள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

தூத்துக்குடி டீச்சர்

அம்மா, உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. நான் கல்யாணத்துக்கும் வாசிக்கிறவள்தான். மணப்பெண் கோயிலுக்குள் (சர்ச்தான்) வர வாக்னரின் இசை, மாலையோடு வெளியே போக மெண்டல்சனின் இசை. அதில் வருவதும் வருமானம்தான்.

மேடையில் கச்சேரி வாசித்தே வாழ்கிற பியானோக்காரர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். ஷோபின் பாரிஸில் இருந்தபோது அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் பாடம் சொல்லிக்கொடுத்த பணம். கிளாரா ஷூமான் அவ்வளவு பெயர் வாங்கியவர், 1878இல் ஃபிராங்க்ஃபர்ட் இசைக்கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். பீத்தோவனிடம் படித்தவர் செர்னி, செர்னியிடம் படித்தவர் லிஸ்ட். நம் பிள்ளைகள் முனகிக்கொண்டே வாசிக்கும் பயிற்சிப் புத்தகங்களை எழுதிய அதே செர்னிதான். ஆகவே டீச்சர் வேலை என்றால் மேடை கிடைக்காதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வாரம் இப்படி: காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் பீரியட், சாயங்காலம் வீட்டில் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன். கிரேடு பரீட்சை நெருங்கினால் ராத்திரி ஒன்பது மணிக்கும் யாராவது ஸ்கேல் (சுர வரிசை) வாசித்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் கேரல் பாட்டு, மூச்சு விட நேரமிருக்காது. கோடை லீவில் பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அந்த மாதம் கை வறண்டுவிடும். நடுவர் வேலைக்கு அழைப்பு வருவது இதற்கிடையில்தான். கவரில் வைத்துக் கொடுப்பார்கள். ஓர் இடத்தில் பொன்னாடை போர்த்தி, கவருக்குப் பதிலாக அல்வா கொடுத்தார்கள். நிஜமான அல்வாதான், அரைக் கிலோ.

நடுவராக உட்காருவதும் பரீட்சை எடுப்பதும் ஒன்றல்ல. பெற்றோர் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு பரீட்சை என்றால் மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, ஸ்கேல் வகையறாவுக்கு 14, சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்த உடனே வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுச் சொல்வது) போன்ற இரண்டு சோதனைகளுக்குப் பத்துப் பத்து, ஆக 100. அறுபது வாங்கினால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அறைக்குள் இருக்கும் எல்லோருக்கும் டிஸ்டிங்ஷன் கொடுக்கலாம், ஒருவருக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். போட்டி அப்படியல்ல. எல்லாம் சுமாராக இருந்தாலும் ஒருவரை முதல் என்று சொல்லியாக வேண்டும். பத்து பேர் பிரமாதமாக வாசித்தாலும் ஏழு பேரை வெறுங்கையோடு அனுப்பியாக வேண்டும். அதில் எனக்கு ஒருபோதும் சந்தோஷம் வந்ததில்லை.

நான் பார்ப்பது என்ன என்று கேட்டீர்களானால், முதலில் தாளம். பிறகு ஒரு வரி முடியும் இடத்தில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று. அப்புறம் பெடல். மாணவர்கள் வாசிக்கும் அந்த ஜி மேஜர் மினுவெட் இருக்கிறதே, பாஹ் பெயரில் ஊரெல்லாம் வாசிப்பது, உண்மையில் அது கிறிஸ்டியான் பெட்ஸோல்டு எழுதியது. அது நடனம். மூன்று எண்ணி ஆடுவது. ஆனால் நம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓட்டுவார்கள். வேகமாக வாசித்தால் கெட்டிக்காரத்தனம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு சின்னப் பிள்ளை நிதானமாக, இடது கையை அடக்கி வாசித்தால் என் பேனா தானாக நிமிர்ந்துவிடும்.

தவறு விடுவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. விட்ட இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைக்குத்தான் குறையும். அது பிள்ளையின் குற்றமும் அல்ல, எப்போதும் முதலிலிருந்தே வாசிக்கவைக்கும் எங்கள் குற்றம்.

முதலில் வாசிக்கிற இரண்டு மூன்று பேருக்கு என் மதிப்பெண் எப்போதும் கஞ்சத்தனமாகத்தான் விழும், மேலே வரப்போகிறவர்கள் எப்படி என்று தெரியாதல்லவா. அதனால் சாப்பாட்டு வேளையில் அந்தத் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். எல்லா நடுவரும் பார்ப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தென்காசி அப்பா

டீச்சர் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. என் அனுபவம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு என் பையன் வாசித்த ஒரு போட்டி. ஊரும் இடமும் வேண்டாம். முதல் பரிசும் இரண்டாம் பரிசும் வாங்கியவர்கள் நடுவராக உட்கார்ந்தவரிடமே படிக்கிற பிள்ளைகள். பரிசு வாங்கிய கையோடு "சார் சார்" என்று அவரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மதிப்பெண் தாளைக் கேட்டேன். "அது உள் விவகாரம் அண்ணாச்சி" என்றார்கள். பையன் திரும்பி வரும்போது குற்றாலம் போவோமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டான். அருவியில் தண்ணீர் விழுகிற நாளில் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகள் நன்றாகவே வாசித்திருக்கலாம். ஆனால் இனி எப்படித் தெரிந்துகொள்வது?

தூத்துக்குடி டீச்சர்

அண்ணாச்சி, உங்கள் கோபம் சரிதான். என்னிடம் படிக்கிற பிள்ளை வாசிக்க வந்தால் நான் மேசையை விட்டு எழுந்து பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன், அந்தத் தாள் மற்ற நடுவருடையது. நடுவர் நான் ஒருத்திதான் என்றால் அந்தப் போட்டிக்கே போக மாட்டேன்.

இந்தச் சிக்கல் நம்மூரோடு நிற்பதும் இல்லை. வார்சாவில் 1927இல் ஆரம்பித்த ஷோபின் போட்டியைத் தொடங்கியவரே ஒரு பியானோ ஆசிரியர்தான், யெர்ஸி ஸுராவ்லெவ். அங்கே நடக்காத சண்டையா? 1955இல் அஷ்கெனாசிக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள் என்று நடுவர் மிக்கேலாஞ்சலி முடிவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1980இல் பொகோரெலிச் என்ற போட்டியாளரை இறுதிச் சுற்றுக்கு விடவில்லை என்று நடுவர் மார்த்தா ஆர்கெரிச் எழுந்தே போய்விட்டார். அந்த வருடம் முதல் பரிசு வாங்கியவர் வியட்நாமின் டாங் தாய் சோன், அந்தப் போட்டியை வென்ற முதல் ஆசியர். அவர் பிறகு ஆசிரியரானார், அதே போட்டிக்கு நடுவருமானார். 2021இல் அவருடைய மாணவர் புரூஸ் லியு முதல் பரிசு வாங்கினார். நடுவர் வரிசையில் குரு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் தன் மாணவருக்கு ஓட்டுப் போட அவருக்கு அனுமதி இல்லை. விதியே அப்படி.

2015 கதை இன்னும் வேடிக்கை. நடுவர்கள் போட்ட மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். முதல் பரிசு வாங்கிய சோ சியோங்-ஜினுக்கு இறுதிச் சுற்றில் பலர் ஒன்பது போட்டிருக்க, பிலிப் ஆந்த்ரமோன் என்ற பெரிய பியானோக்காரர் பத்துக்கு ஒன்று போட்டிருந்தார். உலகமே பார்த்தது. பையனின் பரிசும் போகவில்லை, கிழவரின் பெயரும் கெடவில்லை. தாளைக் காட்டினால் வானம் இடிந்து விழாது.

அதனால் அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: நடுவர் யார், அவர் மாணவர்கள் கலந்துகொள்கிறார்களா, தாள் கையில் கிடைக்குமா? "உள் விவகாரம்" என்றால் பையனை அருவிக்கே கூட்டிப் போய்விடுங்கள்.

நாசரேத்துப் பக்கம், கோயில் ஆர்கன்காரர்

நான் நோட்ஸ் பார்த்தும் வாசிப்பேன், காதால் கேட்டும் வாசிப்பேன். சர்ச்சில் பாடும் பாமாலையை நாலு குரலில் வாசித்து வளர்ந்த கை. எங்கள் சபையில் ஒரு பயல் இருக்கிறான், பிளஸ் ஒன். ஐயர் (எங்கள் போதகர்) பாட்டை எந்தச் சுருதியில் எடுத்தாலும் அடுத்த அடியில் பிடித்துவிடுவான். ஊரே அவனை ஜாம்பவான் என்று கொண்டாடும். போட்டிக்கு அனுப்பினோம்.

அங்கே வைத்திருந்தது கீபோர்டு இல்லை, பழைய அப்ரைட் பியானோ. பயல் உட்கார்ந்தான், இடது பக்கம் கையை விட்டு எதையோ தேடினான். நடுவர், "என்ன தம்பி தேடுற?" என்று கேட்டார். "டிரான்ஸ்போஸ் பட்டன் சார்."

கீபோர்டு வாசிக்கிற எல்லோருக்கும் இந்த ரகசியம் தெரியும். எல்லாப் பாட்டையும் சி மேஜரில், வெள்ளைக் கட்டையிலேயே வாசிப்பது, சுருதியைப் பட்டனால் ஏற்றி இறக்கிக்கொள்வது. பியானோவில் பட்டன் ஏது? டி மேஜர் ஸ்கேல் வாசி என்றார் நடுவர். எஃப் ஷார்ப்புக்குப் போகவேண்டிய விரல் எஃப்பில் போய் விழுந்தது. போதாததற்கு, கீபோர்டுக் கட்டையைத் தொட்டாலே சத்தம் வரும். பியானோவில் அமுக்கினால்தான் வரும், எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு வரும். பயலுக்குப் பாதி சுரம் கேட்கவே இல்லை.

நாங்கள் தலையைத் தொங்கப்போட்டோம். நடுவர் அவனை அனுப்பவில்லை. "சரி, உனக்குப் பிடிச்ச கீர்த்தனையை வாசி" என்றார். வாசித்தான். இடது கையில் அவன் போட்ட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) கேட்டுவிட்டு, "இந்தக் காது எங்கிட்டப் படிக்கிற ஒருத்தருக்கும் இல்ல. ஆனா உன் கையில பன்னிரண்டு ஸ்கேல்ல ஒண்ணுதான் இருக்கு. பாக்கி பதினொண்ணை ஒரு வருஷத்துல வாங்கிட்டு வா" என்றார். பரிசு கொடுக்கவில்லை, தன் போன் நம்பரைக் கொடுத்தார். இப்போது சனிக்கிழமைதோறும் வீடியோ காலில் பாடம். காசு வாங்குவதில்லை என்று கேள்வி.

பாளையங்கோட்டை அம்மா

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அரைக் கிலோ அல்வாவுக்கு இவ்வளவு படிப்பா?" என்கிறார்கள். அது போகட்டும். ஐந்தாம் கிரேடுக்குப் பிறகு எந்த வழியில் போவது?

டவுன்காரன், இப்போது சென்னை

நான் திருநெல்வேலி டவுன், ரத வீதிப் பக்கம். சென்னையில் பியானோ டீச்சர். சுருக்கமாகச் சொல்கிறேன் அக்கா. எட்டாம் கிரேடு வரை ஊரிலிருந்தே முடிக்கலாம். அதற்குப் பிறகு டிப்ளமோ: டிரினிட்டியில் ஏ.டி.சி.எல்., அப்புறம் எல்.டி.சி.எல். ஏ.டி.சி.எல். என்பது பட்டப் படிப்பின் முதலாண்டு வாசிப்புக்கு ஈடு, எல்.டி.சி.எல். கடைசி ஆண்டுக்கு ஈடு. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்றால் சென்னையில் ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது. பள்ளிக்கூட வேலைக்குச் சாதாரண டிகிரியும் கேட்பார்கள், அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

வாசிப்பு மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கவும் வர வேண்டும். இப்போதே பக்கத்து வீட்டுக் குட்டிப் பிள்ளை ஒன்றுக்கு ஸ்கேல் சொல்லித்தரச் சொல்லுங்கள். பொறுமை இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். எனக்கு முதல் மாதம் இல்லை, வாடகை கட்டவேண்டி வந்ததும் வந்துவிட்டது. அப்புறம், போட்டி நடக்கும்போது நடுவருக்குப் பக்கத்தில் தாள் எடுத்துக்கொடுக்க ஆள் தேவைப்படும். பாப்பாவை அதற்கு அனுப்புங்கள். நாள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, அப்போதும் இதே வேலைதான் வேண்டும் என்றால் சரி.

வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். 88 கட்டை, வெயிட்டட் கீ (நிஜப் பியானோ போலக் கனமாக அமுங்கும் கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோ போதும். ஊர் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் நிஜப் பியானோவை டியூன் பண்ண ஆள் தேடியே ஆயுசு போய்விடும்.

தூத்துக்குடி டீச்சர்

கடல் காற்றைப் பற்றி என்னிடம் கேளுங்கள், கம்பி துருப்பிடித்து வருடத்துக்கு ஒன்று அறுந்துவிடும். நாசரேத்து அண்ணாச்சி, அந்தப் பயல் கோயிலில் கீபோர்டை விடத் தேவையில்லை. டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், போதும்.

நாசரேத்துப் பக்கம், கோயில் ஆர்கன்காரர்

ஒட்டியாயிற்று டீச்சர். அடுத்த ஞாயிறே கொயரில் சொப்ரானோ பாடுகிற அக்காமார் பிய்த்துவிட்டார்கள். மேல் சுருதி எட்டவில்லையாம்.